வாத்தியாரின் எஞ்சின்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் மாமாவின் வளவுக்குள் நிற்கும் காரின் எஞ்சினில் சிறிய தகடு ஒன்று இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் எழுத்துத் தெரியும்: 9எம். காரோடு பிறந்த எஞ்சினாக இருந்தால் 9சி என்று இருக்கவேண்டும். லண்டனிலிருந்து வந்த மச்சான் ரோச் லைற்றை அடித்துப் பார்த்துவிட்டு, “இது இந்தக் காரின்ர எஞ்சின் இல்லையே” என்றான்.

“ஓம், அது உரும்பிராய் வாத்தியாரின்ர” என்றேன்.

அன்று அவனுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கார் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற். 1958 இல் வெளிவந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். முன்விளக்குகள் இரண்டும் பொனற்றின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும். இங்கிலாந்தில் அதைத் தவளைக்கண் என்றே அழைத்தார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்தப் பெயரை யாரும் அறிந்திருக்கவில்லை. ஆனாலும் சின்னப் பெடியள் தாங்களாகவே அதற்குத் தவளைக் கார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கதவுக்கு வெளிப்பக்கம் கைபிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். பின்னால் டிக்கி மூடியும் இல்லை. சாமான் வைப்பதானால் இருக்கையின் முதுகைச் சாய்த்து அதன் பின்னால் தள்ளவேண்டும். பொனற் என்றால் வெறும் மூடியல்ல. மட்காட், விளக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக மேலே எழும். திறந்து வைத்தால் முதலை வாயைப் பிளந்ததுபோல் இருக்கும்.

மாமா கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது, தேயிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் நாட்டைவிட்டுப் போகையில் விற்றதை வாங்கினார். அந்நியச் செலாவணி நெருக்கடியால் வெளிநாட்டுக் கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இலங்கையில் கார் வைத்திருந்தவர்கள் இருந்ததைத்தான் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓடினார்கள். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் எங்கள் றோட்டுகளில் இத்தனை காலம் நின்றுபிடித்ததற்கு அந்தப் பழக்கம்தான் அடித்தளம். மாமா ஓய்வுபெற்று, 1982 இல் ஸ்பிறைற்றைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, பசளை என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் சங்கக்கடையில் அளந்துதான் வரும். இரவில் படிப்பதற்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் இரண்டு விரல் எண்ணெய், சிறு திரி. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்பார்கள். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் கார் ஓடியது என்றால் மண்ணெண்ணெயில் ஓடியது என்றே பொருள்.

இப்போதுள்ள பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். மண்ணெண்ணெய் எரியும். ஆனால் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே போய் பிளக்கை நனைத்துவிடும். எனவே பெற்றோலில் ஸ்ராட் பண்ணவேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எங்கள் காரில் பொனற்றுக்குள்ளே ஒரு சேலைன் போத்தல் தொங்கியது. அதற்குள் பெற்றோல். சேலைன் குழாயின் சிறு உருளையை விரலால் தள்ளினால் துளித்துளியாகக் கார்புரேற்றருக்குள் இறங்கும். ஒரு ஸ்ராட்டுக்கு இரண்டு மூடி அளவு. அதற்கு மேல் ஒரு துளி போனாலும் மாமாவின் முகம் மாறும். பற்றரிக்கு ஸ்ராட்டரைச் சுற்றும் பலம் இல்லாமல் நெடுநாளாகியிருந்ததால் தள்ளித்தான் ஸ்ராட். பாரம் குறைந்த கார். நானும் தம்பியும் தள்ளினாலே கிளம்பிவிடும்.

இன்னொரு சிக்கல், மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. எஞ்சினுக்குள் நேரத்துக்கு முந்தி வெடித்துக் கடகடவென்று அடிக்கும். ஸ்பிறைற்றின் அமுக்க விகிதம் 8.3. மண்ணெண்ணெய்க்கு அது அதிகம். கராஜ்கார அண்ணை ஹெட்டுக்கு இரட்டைக் கெஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு கெஸ்கற் கசிந்தது. மறுபடி கழற்றிப் போட்டார். அதற்குள் பெரிய கேடு உள்ளே நடந்துகொண்டிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைச் சுற்றி வழிந்து கீழே ஒயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால், குறைந்திருக்கவேண்டிய ஒயில் கூடியிருக்கும். விரலில் தொட்டால் வழவழப்பே இராது. மாற்றுவதற்கு நல்ல ஒயிலும் கிடைக்காது.

1993 இல் ஒரு காலை, தட்டாதெருச் சந்திக்குக் கிட்டப் போகும்போது கீழே டொக், டொக் என்று சத்தம் வந்தது. மாமா நிறுத்துவதற்குள் இரும்பு முறியும் ஓசை கேட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தோம். கொன்றொட் முறிந்து புளொக்கைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. றோட்டில் கறுப்பாய் ஒயில். மாமா எதுவும் சொல்லவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினார்.

“ஐயா, இந்தப் புளொக் இனிச் சரிவராது” என்றார் கராஜ் அண்ணை. கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். ஒரு எஞ்சினைச் சரிவராது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டது அது ஒருதடவைதான். பிறகு, பெட்டிக்கடை வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, எனக்கு இன்றும் மறக்காத ஒரு பாடம் சொன்னார்.

ஒஸ்ரின் கம்பனி 1951 இல் ஏ30 என்ற சின்னக் காருக்காக 803 சிசி எஞ்சின் ஒன்றைச் செய்தது. அடுத்த வருடமே ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியாகின. ஒஸ்ரினின் எஞ்சின் மொறிஸ் மைனருக்குள் போனது. 1956 இல் அது 948 சிசி ஆக வளர்ந்தது. ஸ்பிறைற்றைச் செய்தபோது புதிதாக எஞ்சின் வடிக்கவில்லை. அதே 948 ஐ எடுத்து, ஒரு கார்புரேற்றருக்குப் பதில் இரண்டைப் பூட்டினார்கள். 37 குதிரைவலு 43 ஆனது. ஸ்ரியறிங் றாக்கும் மைனருடையதுதான். “உங்கட காரும் சந்தியில ஹையருக்கு நிக்கிற மைனரும் ஒண்டவிட்ட சகோதரங்கள் ஐயா. ஆளை மாத்தினாலும் இரத்தம் ஒண்டுதான்” என்றார்.

மாமாவுக்கு அது முதலில் ஏறவில்லை. கண்டி றோட்டில் தன் கார் எழுப்பும் அந்தச் சத்தத்தை அவர் நினைத்திருக்கவேண்டும். இரண்டு கிழமை பேசாமல் திரிந்தார். அம்மம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோன நாள்தான் அவரை மாற்றியது. அன்று பின்னேரமே கராஜுக்குப் போய், “தம்பி, மைனர் எஞ்சின் ஒண்டு பார்” என்றார்.

உரும்பிராயில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரின் வீட்டில் இருந்தது. ஷெல் விழுந்து மதில் சரிந்ததில் அவருடைய மைனரின் பின்பாதி முழுதும் நசுங்கிவிட்டது. முன்பாதிக்கு ஒரு கீறலும் இல்லை. அதன்மேல் கிடுகு சாத்தி மழை படாமல் வைத்திருந்தார். அண்ணை பொனற்றைத் திறந்து தகட்டைத் துடைத்தார். இலக்கத்துக்கு முன்னால் கடைசியாக இருந்த எழுத்தை விரலால் தொட்டு எனக்குக் காட்டினார். “எல். பாத்தியா தம்பி? எச் எண்டால் ஹை, எல் எண்டால் லோ. இது குறைஞ்ச அமுக்கம். 7.2.” தரம் குறைந்த பெற்றோல் கிடைக்கும் இடங்களுக்காகக் கம்பனி தானே அப்படிச் செய்து அனுப்பியது. நாங்கள் இரட்டைக் கெஸ்கற் போட்டுச் செய்யப் பார்த்ததை அந்த எஞ்சின் பிறவியிலேயே கொண்டிருந்தது. அதோடு மைனரில் உள்ளெடுக்கும் குழாயும் புகைக்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். புகையின் சூடு எரிபொருளைச் சூடாக்கும். மண்ணெண்ணெய்க்கு வேண்டியதே அந்தச் சூடுதான்.

விலை கேட்டோம். வாத்தியார் காசு வேண்டாம் என்றார். மகள் அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள், விளக்குக்கு மண்ணெண்ணெய் இருபது போத்தல் தந்தால் போதும் என்றார். இருபது போத்தல் சேர்க்க எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆனது. எங்கள் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் இரவில் ஒரு விளக்கைக் குறைத்தோம். கடைசித் தவணையைக் கொடுத்த அன்று வாத்தியார் உள்ளே போய் ஒரு கொப்பி எடுத்துவந்தார். சாதாரண நாற்பது பக்கக் கொப்பி, பிரவுண் கடதாசி உறை. 1961 இலிருந்து அந்த எஞ்சினுக்கு ஒயில் மாற்றிய ஒவ்வொரு திகதியும், மைல் கணக்கும், பிளக் மாற்றிய நாளும், வால்வு அரைத்த நாளும் நீல மையில் எழுதியிருந்தார். “இது எஞ்சினோட போகவேணும்” என்று மாமாவின் கையில் கொடுத்தார். மாட்டுவண்டிலில் எஞ்சினை ஏற்றி, கீழே வைக்கோல் பரப்பி, நான் அதன் பக்கத்தில் இருந்துகொண்டு கொக்குவில்வரை வந்தேன். ஒழுங்கை முடக்கு வரும்வரையும் வாத்தியார் படலையில் நின்றார்.

எங்கள் வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று நின்றது. அதன் பெரிய கொப்பில் செயின் பிளொக்கைக் கட்டினோம். முதலில் பொனற்றின் ஆணிகளைக் கழற்றி, நாலு பேர் நாலு மூலையில் பிடித்துத் தூக்கி, ஆமை ஓடு கவிழ்த்ததுபோல் வைக்கோலில் வைத்தோம். ஸ்பிறைற்றில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்த்தே வெளியே எடுப்பது நல்லது. அண்ணை பழையதை எடுத்து, கியர்பெட்டியைப் பிரித்து, முன்தட்டையும் கழற்றி வாத்தியாரின் எஞ்சினுக்குப் பூட்டினார். முன்தட்டில்தான் ஸ்பிறைற்றின் தாங்கிகள் இருந்தன.

கிளச் தட்டு இரண்டுக்கும் ஒரே அளவு, ஆறேகால் அங்குலம். ஆனால் அதை நடுவில் வைத்து இறுக்காவிட்டால் கியர்பெட்டியின் தண்டு உள்ளே போகாது. நடு எடுப்பதற்குரிய கருவி அவரிடம் இல்லை. பூவரசங் கொம்பு ஒன்றை வெட்டி, பட்டையை உரித்து, வாள்துண்டால் சீவத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் சீவினார். சீவுவார், தட்டுக்குள் விட்டுப் பார்ப்பார், எடுத்துக் கண்ணாடித் துண்டால் ஒரு சுரண்டு சுரண்டுவார், திரும்ப விடுவார். கடைசியில் அந்தப் பச்சைக் கொம்பு தட்டின் துவாரத்துக்குள்ளும் கிராங்கின் முனையில் உள்ள சிறு புஷ்ஷுக்குள்ளும் ஆட்டமில்லாமல் போய் நின்றது. ஆறு ஆணிகளையும் இறுக்கிவிட்டுக் கொம்பை உருவினார். கியர்பெட்டி முதல் தள்ளிலேயே போய்ப் பூட்டிக்கொண்டது. கைவேலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பூவரசங் கொம்புதான் நினைவுக்கு வரும்.

எஞ்சினைத் தூக்கி, வால்பக்கம் கீழே சரிய, காருக்குள் இறக்கிக்கொண்டிருந்தோம். பாதி இறங்கிய நிலையில் பொம்மர் சத்தம். எல்லோரும் பங்கருக்கு ஓடினோம். அண்ணை மட்டும் ஓடாமல் சங்கிலியை மரத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகுதான் வந்து குதித்தார். பங்கருக்குள் இருட்டு, மண் மணம், அம்மம்மாவின் வாயில் தேவாரம். குண்டு வடக்குப் பக்கமாக எங்கோ விழுந்தது. நிலம் அதிர்ந்தது. மாமா மெதுவாகக் கேட்டார்: “தம்பி, கொப்பு தாங்குமே?” “மாங்கொப்பு ஐயா. காய்ச்சுத் தாங்கின கொப்பு” என்றார் அண்ணை. வெளியே வந்து பார்த்தபோது எஞ்சின் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. மாவிலைகள் அதன்மேல் நிறைய உதிர்ந்திருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.

ஒரேயொரு பொருளை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை. ஸ்பிறைற்றில் எஞ்சினின் சுற்றைக் காட்டும் மானி, டைனமோவின் பின்முனையிலிருந்து ஒரு கேபிளால் ஓடும். எங்கள் டைனமோ முன்னரே எரிந்துபோயிருந்தது. வாத்தியாரின் டைனமோவுக்குப் பின்னால் அந்தப் பொறி இல்லை. கேபிளின் நுனியைச் சுருட்டிக் கட்டி வைத்தோம். மானியின் முள் பூச்சியத்தில் போய்ப் படுத்தது.

ரைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, சேலைன் போத்தலில் இரண்டு மூடி பெற்றோல் விட்டு, ஒழுங்கையில் தள்ளினோம். மூன்றாவது வேலிக் கதியாலைத் தாண்டுமுன் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் கார்புரேற்றரின் சத்தம் வேறு. முன்பிருந்த உறுமல் இல்லை. தையல் மெஷின் ஓடுவதுபோல் சீரான ஒலி. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். ஒரு கணம் தடுமாறி, வெள்ளைப் புகை கக்கி, பிறகு ஓடியது. அடிக்கும் சத்தம் இல்லை. மாமா இறங்கி, பொனற் இல்லாத அந்த எஞ்சினுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அன்றிரவு கொப்பியை விரித்து, வாத்தியாரின் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, திகதி போட்டு எழுதினார்.

அதற்குப் பிறகு இருநூறு மைலுக்கு ஒருதடவை ஒயிலை வடித்து, பானைக்குள் விட்டு, அடுப்பில் மெல்லச் சூடாக்கி, மண்ணெண்ணெயை ஆவியாகப் போகவிட்டுத் திரும்ப ஊற்றினோம். ஆபத்தான வேலை. யாரும் செய்யவேண்டாம். எங்களுக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 பற்றி யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. செம்மணி வெளியில் சனம் ஒரு அடி எடுத்து வைக்கப் பத்து நிமிடம் எடுத்தது. அம்மம்மா ஸ்பிறைற்றின் இடப்பக்க இருக்கையில். இருக்கைக்குப் பின்னால் அரிசி, சாமிப்படம், காணி உறுதி, கொப்பி. எஞ்சினை ஓடவிட்டால் கொதிக்கும், எண்ணெயும் தீரும். ஆகவே நிறுத்திவிட்டுத் தள்ளினோம். நாவற்குழிப் பாலத்தையும் தாண்டித் தள்ளினோம். எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் தாயைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார். வழியில் ஒரு கர்ப்பிணிப் பெண் நடக்கமுடியாமல் மதகில் இருந்தார். மாமா ஓட்டும் இருக்கையிலிருந்து இறங்கி அவரை அதில் ஏற்றினார். பிறகு யன்னல் பக்கமாகக் கையை விட்டு ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்தார். விடியப்புறம் கைதடி கடந்தபின்தான் எஞ்சினை ஸ்ராட் பண்ணினோம். நனைந்த காரைப் பத்தடி தள்ளியதும் பிடித்தது.

1996 ஏப்ரலில் திரும்பி வந்தோம். மாமரம் நின்றது, கூரை இல்லை. 2002 ஏப்ரல் 8 அன்று தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. அடுத்த கிழமை மாமா காரின் ராங்கி நிறையப் பெற்றோல் அடித்தார். சேலைன் போத்தலைக் கழற்றினோம். வாத்தியார் வீட்டுக்குக் காரைக் காட்டக் கொண்டுபோனோம். அவர் அப்போது இல்லை. மகள் இருந்தார், அந்த உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, ஆசிரியையாகியிருந்தார். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. “சத்தத்தை ஒருக்காக் கேக்கவேணும்” என்றார். மாமா ஸ்ராட் பண்ணினார். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

மச்சான் ஒரு யோசனையும் சொன்னான்; இப்போது அதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் 9சி எஞ்சின் ஒன்று, இரட்டைக் கார்புரேற்றரோடு, பார்த்து வைத்திருக்கிறான். அதை அனுப்பினால் கார் அசல் நிலைக்கு வரும், மதிப்பும் பலமடங்கு கூடும் என்கிறான். அன்போடு சொல்கிறான், தெரியும். அந்தக் கார் அபிங்டன் தொழிற்சாலையில் எப்படி இருந்ததோ அதுதான் அசல் என்பது அவன் கணக்கு. என் கணக்கில் அந்தக் காரின் வாழ்வில் கடினமான காலத்தை ஓடிய எஞ்சின் இதுதான். இருபது போத்தல் மண்ணெண்ணெய்க்கு வந்தது; பொம்மருக்குக் கீழே மாங்கொப்பில் தொங்கியது; கைதடிக்கு அப்பால் அம்மம்மாவைக் கரைசேர்த்தது. மோட்டார்ப் போக்குவரத்துப் பதிவுப் புத்தகத்திலும் எஞ்சின் இலக்கத்தை மாற்றிப் பதிந்துவிட்டோம். ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டேன்: பின்முனையில் சுற்றுமானிப் பொறி உள்ள டைனமோ கிடைத்தால் அனுப்பு என்று.

மாமா இப்போது இல்லை. கராஜ் அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் மங்கல், ஆனால் எஞ்சினின் ஓசையை வைத்து எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். அந்தக் காலத்தில் எதை எதோடு பூட்டினார்கள், எந்தப் பொருள் இல்லாதபோது எதைச் செதுக்கினார்கள் என்பதெல்லாம் அவரைப் போன்ற சிலரின் கைகளில் மட்டும் இருக்கிறது. உங்கள் வளவிலும் ஒரு பழைய மைனரோ, கேம்பிரிட்ஜோ, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்ச் சைக்கிளோ நிற்கக்கூடும். அதைப் பூட்டியவர் இன்னும் இருக்கிறார் என்றால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, திகதி போட்டு, அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.